கிராமம் என்றொரு சட்டச்சொல்: எல்லோ ஸ்பிரிங்ஸில் வாடகைக்கு இருத்தல்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநில அரசியலமைப்பில் 1912-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 18-ஆம் பிரிவு, உள்ளாட்சியாகப் பதிவு பெற்ற ஊர்களை இரண்டே வகையாகப் பிரிக்கிறது: 5,000 பேரோ அதற்கு மேலோ வாழ்ந்தால் நகரம், குறைந்தால் கிராமம். வயல், மாடு, ஆலமரம், ஊருணி என்று கிராமம் என்றவுடன் நமக்கு நினைவில் எழும் எதற்கும் அந்த வரையறையில் இடமில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கூட்டாட்சிக் குடிக்கணக்கில் தலைகள் 5,000-ஐத் தொட்டுவிட்டால், அதே தெருக்களும் அதே வீடுகளும் இருந்தபடியே இருக்க, ஊர் நகரமாகிவிடும். டேட்டன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில், கிரீன் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கும் எல்லோ ஸ்பிரிங்ஸில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 3,697 பேர் வாழ்கிறார்கள். ஆகவே அது சட்டப்படி கிராமம். அங்கே ஓவியக் கூடங்களும் காப்பிக் கடைகளும் ஒரு கல்லூரியும் இருக்கின்றன என்பதோ, வார இறுதிகளில் வெளியூர்க் கார்கள் நிற்க இடமின்றிச் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதோ இந்தக் கணக்கில் வராது.

டேட்டன் வட்டாரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருபவர்களுக்கு இப்படிப்பட்ட சிற்றூர் ஏன் கண்ணில் படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓஹாயோவில் ஒரே வளாகத்தில் மிக அதிகமானோருக்கு வேலை தரும் ரைட் பேட்டர்சன் விமானப்படைத் தளமும், அதையொட்டிய ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகமும் டேட்டனின் கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. அங்கிருந்து எல்லோ ஸ்பிரிங்ஸுக்குக் காரில் இருபது நிமிடம்தான் ஆகும். பீவர்கிரீக், ஃபேர்போர்ன் போன்ற புறநகர்களில் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடி வளாகங்களைப் பார்த்துச் சலித்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளென் ஹெலன் காட்டில் நடக்க வருகிறார்கள்; ஊரின் மையத் தெருவான சீனியா அவென்யூவில் ஒரு காப்பி குடிக்கிறார்கள்; திரும்பும்போது, இங்கேயே ஒரு வீடு பார்த்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தை நடைமுறையில் எதிர்கொள்பவை இரண்டு: ஒன்று, வரைபடத்தில் மட்டுமே தெரியும் எல்லைக் கோடு; மற்றொன்று, ஊர் தன் அழகைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவுகளால் விளைந்த வீட்டுப் பஞ்சம்.

எல்லைக் கோட்டை முதலில் பார்ப்போம். எல்லோ ஸ்பிரிங்ஸ் கிராமத்தைச் சுற்றியிருக்கும் நிலம் மயாமி டவுன்ஷிப்புக்கு உட்பட்டது. டவுன்ஷிப் என்றால் நெய்வேலியையோ ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பையோ நினைத்துக்கொள்ளும் நம் காதுக்கு இந்தச் சொல்லும் ஒரு பொறி. ஓஹாயோவில் டவுன்ஷிப் என்பது கிராமமாகவோ நகரமாகவோ பதிவு பெறாத நாட்டுப்புறத்தை மூன்று அறங்காவலர்களைக் கொண்டு ஆளும் பழைய அமைப்பு. கிராமத்துக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. டவுன்ஷிப்புக்கு அது கிடையாது. எல்லோ ஸ்பிரிங்ஸ் கிராமம் 1.5 விழுக்காடு வருமான வரி வாங்குகிறது. ஒரே சாலையில், ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், கோட்டுக்கு உள்ளே இருப்பவர் அந்த வரியைக் கட்டவும் வெளியே இருப்பவர் கட்டாமல் இருக்கவும் கூடும். வீட்டுக்காரர் விளம்பரத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அஞ்சல் முகவரிக்கும் ஆட்சி எல்லைக்கும் சம்பந்தமில்லை. கோட்டுக்கு வெளியே பல மைல் தள்ளியிருக்கும் பண்ணை வீட்டுக்கும் அஞ்சல் துறை எல்லோ ஸ்பிரிங்ஸ் என்றே பெயர் வைத்திருக்கும். வீட்டு எண்ணைக் கவுன்ட்டி தணிக்கையாளரின் சொத்துப் பதிவேட்டில் தேடிப் பார்த்தால் அது எந்த ஆட்சி எல்லைக்குள், எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பின் எல்லைக்குள்) வருகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாடகை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பது என் கருத்து.

இந்த உள்ளாட்சி வருமான வரி, வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களைப் பெரும்பாலும் வரிக்கணக்குக் காட்டும் ஏப்ரல் மாதத்தில்தான் பிடிக்கிறது. ஓஹாயோவில் வேலை செய்யும் ஊர் முதலில் வரி பிடிக்கிறது, பிறகு வசிக்கும் ஊர் தன் பங்கைக் கேட்கிறது. டேட்டன் நகருக்குள் அலுவலகம் இருந்தால் சம்பளத்தில் 2.5 விழுக்காடு அங்கேயே பிடித்தமாகிவிடும். அப்படிக் கட்டியதை வசிக்கும் ஊர் எந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளும் என்பது அந்தந்த ஊரின் சட்டத்தைப் பொறுத்தது. சில ஊர்கள் முழுதாகக் கழிக்கும், சில பாதியைக் கழிக்கும், சில எதையும் கழிக்காது. அலுவலகம் ஏதோ ஒரு டவுன்ஷிப்பில் இருந்தால் அங்கே பொதுவாக எதுவும் பிடிக்கப்படாது. வசிக்கும் கிராமத்துக்கு முழு வரியையும் தாமே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும் என்பது தெரியாமல், கூட்டாட்சிக்கும் மாநிலத்துக்கும் மட்டும் படிவம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து வட்டியோடு கடிதம் வரும்.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் இந்தக் கோட்டின் மதிப்பை இன்னும் கூட்டிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், வீட்டிலிருந்து செய்யும் வேலையும் பழைய அலுவலகத்திலேயே செய்ததாகக் கருதப்படும் என்று ஓஹாயோ தற்காலிகமாக ஒரு விதி கொண்டுவந்தது. 2021-ஆம் ஆண்டின் முடிவோடு அது காலாவதியானது. இப்போது ஒருவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த ஊருக்கே வரி உரியது. ஓர் ஊரில் ஆண்டுக்கு 20 நாளுக்கு உட்பட்டு மட்டும் வேலை செய்தால் அந்த ஊருக்காக நிறுவனம் பிடித்தம் செய்யத் தேவையில்லை. டேட்டன் நிறுவனத்தின் வேலையை எல்லோ ஸ்பிரிங்ஸ் வீட்டின் மாடியறையில் இருந்து செய்பவருக்கு 2.5 விழுக்காட்டுக்குப் பதில் 1.5 விழுக்காடும், கோட்டைத் தாண்டி டவுன்ஷிப்பில் இருந்து செய்பவருக்கு ஊர் வரியே இல்லாமலும் போகிறது. மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது வாடகையில் மாதம் நூறு டாலர் குறைவதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம்.

பள்ளி மாவட்டம் இன்னொரு கோடு. அது கிராம எல்லையோடு ஒத்துப்போவதில்லை. எல்லோ ஸ்பிரிங்ஸ் பள்ளி மாவட்டத்துக்கென்று தனி வருமான வரி உண்டு. அது வசிக்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறது, வேலை செய்யும் இடத்தைப் பார்ப்பதில்லை, குழந்தை இருக்கிறதா இல்லையா என்றும் கேட்பதில்லை. சொந்த வீட்டுக்காரருக்குச் சொத்து வரி நேரடியாகத் தெரியும். வாடகைக்காரருக்கு அது வாடகைக்குள் கரைந்து வரும். கவுன்ட்டி ஆறாண்டுக்கு ஒருமுறை சொத்துகளை மறுமதிப்பீடு செய்து, இடையில் மூன்றாம் ஆண்டில் ஒருமுறை திருத்துவதால், அந்த ஆண்டுகளை அடுத்து வாடகை உயர்வுக் கடிதங்கள் வருவதை வியப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி வீட்டுப் பஞ்சம். எல்லோ ஸ்பிரிங்ஸின் கிழக்கு விளிம்பில், ஊருக்குப் பெயர் தந்த இரும்புச்சத்து நிறைந்த மஞ்சள் ஊற்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு, ஆயிரம் ஏக்கர் அளவில் கிளென் ஹெலன் வனம் இருக்கிறது. ஹியூ டெய்லர் பர்ச் என்பவர் தம் மகள் ஹெலனின் நினைவாக 1929-இல் இதை ஆன்டியாக் கல்லூரிக்குக் கொடுத்தார். 2020-இல் கல்லூரி அதை ஓர் உள்ளூர்ச் சங்கத்துக்கு விற்றது. அதற்கு அப்பால் ஜான் பிரையன் மாநிலப் பூங்காவும் கிளிஃப்டன் பள்ளத்தாக்கும் தொடர்கின்றன. வடக்கே ஏறத்தாழ 940 ஏக்கர் பரப்புள்ள ஒயிட்ஹால் பண்ணை 1999-இல் ஏலத்துக்கு வந்தபோது, அது வீட்டுமனைகளாகத் துண்டுபடாமல் இருக்க ஊர் மக்களே பணம் திரட்டி, அந்த நிலத்தில் இனி எப்போதும் விவசாயம் தவிர வேறெதுவும் கூடாது என்ற உரிமைக் கட்டுப்பாட்டை வாங்கிப் பதிவு செய்தார்கள். டெக்கம்சே நில அறக்கட்டளை இதுபோன்ற கட்டுப்பாடுகளைச் சுற்றுவட்டாரத்தில் தொடர்ந்து வாங்கிவருகிறது. அமெரிக்க மத்திய மேற்கின் பெரும்பாலான நகர விளிம்புகளில் சோளக் காடும் சோயாவும் ஒரே பத்தாண்டில் புறநகர்க் குடியிருப்பாக மாறிவிடும் நிலையில், எல்லோ ஸ்பிரிங்ஸில் ஊர் முடியும் இடத்தில் சட்டென்று வயல் தொடங்குவதற்குக் காரணம் இந்தப் பச்சை வேலிதான். சனிக்கிழமைக் கூட்டத்தை இழுத்துவருவது அந்த வேலி. அடுத்த தெருவைப் போடவிடாமல் தடுப்பதும் அதே வேலி.

ஊருக்குள்ளும் வேலை குறைந்தது, ஆனால் ஆட்கள் குறையவில்லை. ஆன்டியாக் கல்லூரி 1850-இல் நிறுவப்பட்டு, கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மேனை முதல் தலைவராகக் கொண்டது. மார்ட்டின் லூதர் கிங்கை மணந்த கொரெட்டா ஸ்காட்டும் அங்கே படித்தவர். ஒரு காலத்தில் ஊரின் பெரிய முதலாளியாக இருந்த அக்கல்லூரி 2008-இல் மூடப்பட்டு, பழைய மாணவர்களின் முயற்சியால் 2011-இல் மிகச் சிறிய அளவில் மறுபடி திறக்கப்பட்டது. ஊரில் வேலை இருந்தவர்கள் நடந்தே போகும் தொலைவில் வாடகைக்கு இருந்த நிலை மாறி, டேட்டனிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் சம்பாதிப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வீடு வாங்கும் ஊராக அது ஆனது. வாங்க வருபவர்கள் நகரச் சம்பளத்தோடு வருகிறார்கள்; உணவகத்தில் பரிமாறுபவரும் பள்ளியில் உதவியாளராக இருப்பவரும் கிராமச் சம்பளத்தோடு அவர்களுக்கு எதிராக வாடகைக்குப் போட்டியிடுகிறார்கள்.

இதில் இனத்தின் கணக்கும் அடங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றிப் பேசுவது முறையாகாது. வர்ஜீனியாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த மன்கியூர் கான்வே, தம் தந்தையின் பண்ணையிலிருந்து தப்பியவர்கள் சுமார் முப்பது பேரை உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார். நூறாண்டு கழித்து 1964-இல், கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மறுத்த ஒரு சலூனின் முன் மாணவர்களும் ஊராரும் நடத்திய மறியல் கண்ணீர்ப்புகையிலும் கைதுகளிலும் முடிந்தது. தன்னை முற்போக்கான ஊர் என்று சொல்லிக்கொள்ள எல்லோ ஸ்பிரிங்ஸுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கறுப்பினக் குடும்பங்களின் பங்கு கடந்த அரை நூற்றாண்டில் ஊரில் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஊராரிடம் காரணம் கேட்டால் வீட்டு விலையும் வாடகையும்தான் முதலில் வரும். யாரையும் வெளியே போ என்று சொல்லாமலேயே ஓர் ஊர் ஆட்களை வெளியே அனுப்பிவிட முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

2022 பிப்ரவரியில் நடந்த ஒரு வாக்கெடுப்பு இந்த முரண்பாட்டை அமெரிக்கா முழுவதும் செய்தியாக்கியது. ஊரின் தெற்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏக்கரில் ஒரு கட்டுமான நிறுவனம் 143 தனி வீடுகள் கட்டத் திட்டமிட்டிருந்தது. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும், அப்போது அமலில் இருந்த மனைப்பகுப்பு விதிப்படி அதற்குத் தடையேதும் இல்லை. கிராம நிர்வாகம் பேசிப் பேசி அதைத் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வரிசை வீடுகளும் கலந்ததாக மாற்றி, குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளுக்காக 1.75 ஏக்கரைக் கிராமத்துக்கே இலவசமாக வாங்கவும் ஏற்பாடு செய்தது. இந்த மாற்றத்துக்கு ஐவர் கொண்ட கவுன்சிலின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நெரிசல், கழிவுநீர், வீட்டுச் சங்கக் கட்டணம், திட்டத்தின் தரம் என்று பல காரணங்களைச் சொல்லி ஊரார் பலர் எதிர்த்தார்கள். அவர்களில் அங்கேயே வசித்து, அங்கே தொழில்களும் தொடங்கியிருந்த நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல்லும் ஒருவர். ஓர் உறுப்பினர் விலகி நிற்க, வாக்குகள் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி மாற்றம் தோற்றது. பழைய தனி வீட்டுத் திட்டத்துக்கு இருந்த அனுமதி அப்படியே இருக்க, கலப்பு வீடுகளும் அந்த 1.75 ஏக்கரும் மட்டும் கைநழுவின. சாப்பெல் குறைந்த விலை வீடுகளை எதிர்க்கவில்லை, திட்டம் அரைகுறையாக இருந்ததைத்தான் எதிர்த்தார் என்று அவர் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அது உண்மையாகவே இருக்கட்டும். வாடகைக்கு வீடு தேடுபவரின் இடத்தில் நின்று பார்த்தால் விளைவு ஒன்றுதான்.

சந்தைக்கு வெளியே ஒரு வழியையும் ஊர் பல ஆண்டுகளாக முயன்றுவருகிறது. 1998-இல் தொடங்கப்பட்ட எல்லோ ஸ்பிரிங்ஸ் ஹோம் என்ற சமூக நில அறக்கட்டளை, நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் இருக்கும் வீட்டை மட்டும் விற்கிறது. வாங்கியவர் பிறகு விற்கும்போது ஒப்பந்தத்தில் உள்ள சூத்திரப்படி அளவான இலாபத்தையே எடுக்கலாம் என்பதால், அடுத்து வருபவருக்கும் வீடு எட்டும் விலையில் இருக்கும். வாடகை வீடுகளையும் அது கட்டியிருக்கிறது. ஆனால் சில டஜன் வீடுகளால் ஊரின் வாடகை நிலவரத்தை அசைக்க முடியாது. வார இறுதிப் பயணிகளுக்கு வீட்டை இரவுக் கணக்கில் விடுவது மாத வாடகையைவிட அதிகம் தருவதால், கிராமக் கவுன்சில் அப்படிப்பட்ட தங்குமிடங்களுக்கு அனுமதி முறை வைத்து அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டிவந்ததும் இதே கதையின் மறுபக்கம்.

இவ்வளவுக்கும் பிறகு வாடகைக்குக் கிடைப்பது எப்படிப்பட்ட வீடு? அடுக்குமாடி வளாகங்கள் மிகச் சில. கடைக்கு மேலே இரண்டு அறை, நூறு வயதுக்கு மேற்பட்ட மரவீட்டை மூன்றாகத் தடுத்து எடுத்த மாடிப் பகுதி, வீட்டுக்காரரின் பின்கட்டில் வண்டிக் கொட்டகையை மாற்றிக் கட்டிய சிறு வீடு ஆகியவையே அதிகம். பெரிய இணையத் தளங்களில் தேடினால் ஒன்றிரண்டு கண்ணில் படும், விலை மிரட்டும். பெரும்பாலான வீடுகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே வாய்வழியாகக் கைமாறிவிடுகின்றன. காலி செய்பவர் தம் நண்பருக்குச் சொல்ல, நண்பர் வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிடுகிறார். 1880-இல் தொடங்கி இன்றும் வாரந்தோறும் வரும் எல்லோ ஸ்பிரிங்ஸ் நியூஸ் பத்திரிகையின் வரிவிளம்பரங்களும் கடைவாசல் அறிவிப்புப் பலகைகளும் இந்தக் காலத்திலும் வீண்போவதில்லை. யாரையும் தெரியாமல் வெளியூரிலிருந்து வருபவர், முதலில் பீவர்கிரீக்கிலோ ஃபேர்போர்னிலோ ஆறு மாதம் இருந்துகொண்டு, சனிக்கிழமைகளில் இந்த ஊருக்கு வந்து முகம் பழகிக்கொள்வதே கூடிவரும் வழி.

ஒப்பந்தத்துக்கு வருவோம். லீஸ் என்ற சொல்லை நம்மூரில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருக்கும் ஒத்திக்குப் பயன்படுத்துகிறோம். இங்கே அது வாடகை ஒப்பந்தம் மட்டுமே, பெரும்பாலும் 12 மாதத்துக்கு. முதல் மாத வாடகையும் அதே அளவு டெபாசிட்டும் கேட்பது வழக்கம். ஓஹாயோவின் வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டம் 1974-இல் வந்தது. அதன்படி வீட்டை வாழத்தக்க நிலையில் வைத்திருப்பதும் சூடேற்றும் சாதனமும் வெந்நீரும் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வதும் வீட்டுக்காரரின் கடமை. அவசரம் தவிர்த்து, உள்ளே வர நியாயமான முன்னறிவிப்பு வேண்டும், 24 மணி நேரம் நியாயமானதாகக் கொள்ளப்படும். பூட்டை மாற்றியோ தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தியோ யாரையும் வெளியேற்ற முடியாது. நீதிமன்றத்தின் வழியாகத்தான் முடியும். வாடகைக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை, உள்ளாட்சிகள் அப்படி ஒன்றை விதிக்கவும் 2022-இல் மாநிலச் சட்டம் தடை போட்டுவிட்டது.

இந்தச் சட்டத்தில் சிற்றூரை மட்டும் குறிவைத்தது போன்ற ஓர் ஓட்டை இருக்கிறது. வீட்டில் பழுதைச் சரிசெய்யும்படி எழுத்தில் கேட்டும் நியாயமான காலத்துக்குள், அதிகம் போனால் 30 நாளுக்குள், வீட்டுக்காரர் செய்யாவிட்டால், பாக்கியில்லாத வாடகைக்காரர் தம் வாடகையை வீட்டுக்காரரிடம் தராமல் நீதிமன்ற எழுத்தரிடம் கட்டலாம். பழுது சரியாகும்வரை அந்தப் பணம் அங்கேயே இருக்கும். வாடகைக்காரர் கையில் இருக்கும் ஒரே கூரான ஆயுதம் இதுதான். ஆனால் மூன்று அல்லது அதற்குக் குறைந்த வீடுகளை மட்டும் வாடகைக்கு விடும் ஒருவர், குடிவரும்போதே அந்த உண்மையை எழுத்தில் தெரிவித்துவிட்டால், அவருக்கு எதிராக இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. நகரத்தில் இருநூறு வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. பின்கட்டு வீட்டை விடும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், மாடியை விடும் கடைக்காரருக்கும், ஆகவே எல்லோ ஸ்பிரிங்ஸ் வீட்டுக்காரர்களில் பெரும் பகுதியினருக்கும் பொருந்தும். நான் படித்துப் பார்த்த ஓர் ஒப்பந்தத்தில் இந்த அறிவிப்பு, செல்லப் பிராணிகள் பற்றிய பத்திக்கும் புல்வெட்டும் பொறுப்பு பற்றிய பத்திக்கும் நடுவில், சின்ன எழுத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது. கையெழுத்திட்டவர் அதைப் படித்திருக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் சட்டத்தைவிட உறவுதான் பழுதைச் சரிசெய்யும். வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் குழாய் ஒழுகுகிறது என்ற அன்றே தாமே ஸ்பானரோடு வந்து நிற்பார், இல்லாவிட்டால் வழியே இல்லை. வீட்டைப் பார்ப்பதைவிட அந்த வீட்டில் முன்பு இருந்தவரைப் பார்த்துப் பேசுவது முக்கியம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதற்குப் பொருள் இதுதான்.

பழைய வீட்டுக்கென்று சில தனிக் கவலைகள் உண்டு. 1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், சுவர்ச் சாயத்தில் ஈயம் இருப்பதாகத் தெரிந்த விவரங்களை வீட்டுக்காரர் எழுத்தில் தர வேண்டும், அரசு வெளியிட்ட கையேட்டையும் தர வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. கைக்குழந்தை இருக்கும் குடும்பம் ஜன்னல் விளிம்புகளில் உரிந்து கிடக்கும் சாயத் துகள்களை அலட்சியம் செய்யக் கூடாது. ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்கும் கீழே போகும் இரவுகளில், வடக்குச் சுவரை ஒட்டிப் போகும் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்துவிட்டுப் படுப்பதும், தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவை அறையின் சூடு போகும்படி திறந்து வைப்பதும் இங்கே எல்லோரும் செய்வது. மூன்றாகப் பிரித்த வீட்டில் சூடேற்றும் அடுப்பு ஒன்றே இருந்தால், அதன் வெப்பநிலைக் கட்டுப்பாடு கீழ்வீட்டுக்காரரின் சுவரில் இருக்கும். அவர் ஊருக்குப் போகும்போது குறைத்து வைத்துவிட்டால் மாடியில் இருப்பவர் கம்பளிக்குள் கிடக்க வேண்டியதுதான். எரிவாயுச் செலவை யார் கட்டுவது என்று கேட்கும் அதே மூச்சில், அந்தக் கட்டுப்பாடு எந்தச் சுவரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நிலவறையையும் பார்க்க வேண்டும். எல்லோ ஸ்பிரிங்ஸிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் சீனியா நகரை 1974 ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரு சூறாவளி (டொர்னாடோ) பெருமளவு சிதைத்தது, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 மே 27-ஆம் தேதி இரவு டேட்டன் வட்டாரத்தில் அடுத்தடுத்துச் சூறாவளிகள் இறங்கின. சங்கு ஊதினால் எல்லோரும் போவது நிலவறைக்குத்தான். மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த நிலவறையின் சாவி உண்டா, வெளியே போய்ச் சுற்றித்தான் இறங்க வேண்டுமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத, ஆனால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி.

மின்சாரம் கிராமத்தினுடையது. எல்லோ ஸ்பிரிங்ஸ் தன் மின் வினியோகத்தைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்காமல் தானே நடத்துகிறது. மின்கட்டணமும் தண்ணீர், கழிவுநீர், குப்பைக் கட்டணங்களும் ஒரே பில்லில் கிராம அலுவலகத்திலிருந்து வரும். ஓஹாயோவின் பெரும்பகுதியில் மின்சாரத்தை விற்பவர் யார் என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து நிற்பார்கள்; அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஆனால் பில்லில் குழப்பம் வந்தால் தொலைபேசியில் இயந்திரக் குரலோடு மல்லாட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது, நேரே அலுவலகத்துக்கு நடந்து போய்விடலாம்.

கார் இல்லாமல் இருப்பது கடினம். கிரீன் கவுன்ட்டியின் பொதுப் போக்குவரத்து முன்பதிவு செய்து அழைக்கும் வண்டிகளை நம்பியது. தினமும் எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவருக்கு அது ஒத்துவராது. ஒரு காலத்தில் இந்த ஊரை வளர்த்த லிட்டில் மயாமி இரயில் பாதை இப்போது தண்டவாளம் அகற்றப்பட்டு ஏறத்தாழ 78 மைல் நீளச் சைக்கிள் பாதையாக இருக்கிறது. அதில் சீனியாவுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் மிதித்தே போய்வருபவர்கள் உண்டு, கோடையில். மளிகைக்கு ஊரிலேயே ஒரு கடை இருக்கிறது; உளுந்துக்கும் புளிக்கும் கறிவேப்பிலைக்கும் டேட்டன் பக்கம் போக வேண்டும். அந்தப் பயணத்தைப் பீவர்கிரீக் பக்கமுள்ள டேட்டன் இந்துக் கோயிலோடு சேர்த்துக்கொள்வது இந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

இங்கே வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவருக்கு ஊர் ஒருமுறை வாக்குரிமையே கொடுத்துப் பார்த்தது என்பதை அறிந்தவர் குறைவு. 2019 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களும் கிராமத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று ஊரின் சாசனத்தைத் திருத்த எல்லோ ஸ்பிரிங்ஸ் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். எச்-1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்து, ஊர் வரியும் பள்ளி வரியும் கட்டும் ஒருவர் அவற்றைச் செலவிடும் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் பொருள். மாநிலச் செயலர் அப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று தேர்தல் அலுவலகத்துக்கு உத்தரவிட்டார். 2022 நவம்பரில் ஓஹாயோ முழுவதும் நடந்த வாக்கெடுப்பு, உள்ளாட்சித் தேர்தலிலும் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ஆனால் கவுன்சில் கூட்டங்களில் எழுந்து பேச வாக்குரிமை தேவையில்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில், மனைப்பகுப்பு பற்றிய கூட்டத்துக்கு வாடகைக்காரர் பத்துப் பேர் போய் உட்கார்ந்தாலே கவுன்சில் நிமிர்ந்து பார்க்கும். அவர்கள் போவது அரிது, சொந்த வீட்டுக்காரர்கள் போவது வழக்கம்.

காலி செய்யும்போதும் கோடு பின்தொடர்கிறது. மாதாமாதம் தொடரும் வாடகையானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். டெபாசிட்டை வீட்டைத் திருப்பி ஒப்படைத்த 30 நாளுக்குள், பிடித்தம் ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்கோடு, திருப்பித் தர வேண்டும். நியாயமின்றிப் பிடித்துக்கொண்டால் அதே அளவு தொகையை இழப்பீடாகவும் கேட்கலாம். ஆனால் போகும் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால்தான் அந்த இழப்பீட்டைக் கேட்க முடியும். வாயால் சொன்னதும் வீட்டுக்காரருக்கு எப்படியும் தெரியும் என்பதும் செல்லாது. தகராறு வந்தால் கிராமத்தின் மேயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை, ஓஹாயோவிலும் லூசியானாவிலும் மட்டுமே எஞ்சியிருக்கும் அந்தப் பழைய அமைப்பு போக்குவரத்துக் குற்றங்களையும் சிறு குற்றங்களையும்தான் விசாரிக்கும்; வாடகை வழக்குகள் சீனியா நகராட்சி நீதிமன்றத்துக்குப் போகும். ஜூலையில் கோட்டைத் தாண்டி டவுன்ஷிப்பில் உள்ள ஒரு வீட்டுக்கு மாறியவர், மறு ஏப்ரலில் ஆண்டின் முதல் பாதிக்குக் கிராமத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இரண்டாம் பாதிக்கு வேண்டாம். இரண்டு வீடும் ஒரே பள்ளி மாவட்டத்தில் இருந்தால் பள்ளி வரி மட்டும் ஆண்டு முழுவதற்கும் உண்டு.